அக்காவுக்கு வந்தது வேறு, எனக்கு வந்தது வேறு

ஒரு வாரமாக உள்ளுக்குள் புகைந்துகொண்டிருக்கும் கோபம் இது. எழுதித் தீர்த்துவிடுகிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் முதலில் கையைக் கழுவிவிட்டு வாருங்கள். விஷயம் வயிற்றைப் பற்றியது, வெளிக்குப் போவதைப் பற்றியும் வரும் :-)

போன ஞாயிறு ஒரு கல்யாணப் பந்தி. வெங்காயப் பச்சடி வேண்டாம், பூண்டு ரசம் வேண்டாம் என்று நான் இலையை மறித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இலையில் தூரத்து மாமா ஒருவர். "உன் அக்காளுக்கும் இதேதானடா? குடும்பத்துக்கே இருக்கு போல. ரெண்டு பேரும் ரொம்ப யோசிக்கிறீங்க, எல்லாம் டென்ஷன்" என்றார். பெரியவர், பந்தியில் சண்டை போட முடியாது. சிரித்துவைத்தேன்.

இதே தான் இல்லை மாமா. ரெண்டும் வேற!

அக்கா என்றால் பெரியம்மா மகள். அவளுக்கு இருப்பது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். அதுவும் குரோன்ஸ் நோயும் சேர்ந்த குடும்பத்துக்குப் பெயர் ஐ.பி.டி. தமிழில் குடல் அழற்சி நோய் என்கிறார்கள். எனக்கு இருப்பது ஐ.பி.எஸ். (போலீஸ் உத்தியோகம் இல்லை. தமிழில் எழுதினால் அப்படித்தான் படிக்கத் தோன்றும், என்ன செய்வது!) இதற்கு எரிச்சல் குடல் நோய்க்குறி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எரிச்சல், அழற்சி... காதில் விழும்போது இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறது. பாதிக் குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

அழல் என்றால் நெருப்பு. அக்காவின் குடலில் நிஜமாகவே நெருப்பு. உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் குடலையே தாக்குகிறது, உள்சுவர் புண்ணாகி ரத்தம் கசிகிறது. கொலோனோஸ்கோபியில் கண்ணால் பார்க்கலாம், துளி சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால் அங்கேயும் தெரியும். என் குடலை அதே கேமராவில் பார்த்தால் சுத்தமாக இருக்கும். சுவரில் ஒரு கீறல் இருக்காது. ஆனால் குடல் சுருங்கி விரியும் வேகம் தாறுமாறு, அங்கிருந்து மூளைக்குப் போகும் நரம்பு ஒன்றைப் பத்தாகச் சொல்கிறது. சிவில் படிக்கிறவன் பாஷையில் சொன்னால், அவளுக்கு ரோடே பெயர்ந்துவிட்டது. எனக்கு ரோடு நன்றாக இருக்கிறது, சிக்னல்தான் கோளாறு. டிராஃபிக் ஜாம் ரெண்டு இடத்திலும்தான். அதற்காக இரண்டு இடத்துக்கும் தார் லாரியை அனுப்புவீர்களா?

அக்கா கதையைச் சொல்லியாக வேண்டும். 2017-ல் அவளுக்கு மலத்தோடு ரத்தம் வர ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணம் ஆகாத பெண் இதைப் போய் யாரிடம் சொல்வாள்? மூன்று மாதம் கழித்து பெரியம்மாவிடம் சொன்னாள். தீர்ப்பு உடனே வந்துவிட்டது: உடம்பு சூடு, மூலம். துத்திக்கீரை, கருணைக்கிழங்கு, வாரம் ஒரு எண்ணெய்க் குளியல். கேட்கவில்லை. ஒரு டாக்டரிடம் போனார்கள். அவரும் தொட்டுப் பார்க்காமல், படுக்கச் சொல்லாமல், மூல மாத்திரை எழுதினார். இன்னொருவர் "பரீட்சை பயம், வாய்வு" என்றார். ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து பாத்ரூமுக்கு ஓடினாள், எடை ஒன்பது கிலோ இறங்கியது, முகம் வெளிறியது. "டயட் இருக்கியாடி?" என்று கேட்டவர்கள் உண்டு. ஒன்றரை வருடம் கழித்து பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்தபோது ஹீமோகுளோபின் ஏழு. அப்புறம்தான் ஸ்கோப்பி, அப்புறம்தான் நோயின் பெயர்.

ஒன்றரை வருடம்! ரத்தம், தூக்கத்தை எழுப்பும் பேதி, எடை குறைவு, ரத்த சோகை, விட்டு விட்டுக் காய்ச்சல். இதில் ஒன்று இருந்தால்கூட அதை ஐ.பி.எஸ் என்றோ டென்ஷன் என்றோ முடிவுகட்டக் கூடாது. மூலமாகவே இருக்கலாம், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். டென்ஷனால் மலத்தில் ரத்தம் வராது.

இன்னொரு கூத்து. நம் ஊர் பஸ் ஸ்டாண்டு சுவர்களில் 'மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல்' என்று போஸ்டர் பார்க்காதவர் உண்டா? அந்தப் பௌத்திரம் சில பேருக்கு குரோன்ஸ் நோயின் வாசல். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் மலக்குடலில் ஆரம்பித்துத் தொடர்ச்சியாக மேலே ஏறும், பெருங்குடலின் உள்தோலோடு நின்றுவிடும். குரோன்ஸ் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும் விட்டு விட்டு வரும், சுவர் முழுக்க ஊடுருவித் துளை போடும். துளையை மட்டும் அடைத்துக் காசு வாங்குகிறவர், துளை ஏன் விழுந்தது என்று பார்ப்பாரா?

இந்தியாவில் இதற்கு மேலும் ஒரு சிக்கல், குடல் டி.பி. அதுவும் குரோன்ஸும் ஸ்கோப்பியில்கூட ஒன்றுபோல இருக்கும். குரோன்ஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால், உள்ளே இருப்பது டி.பி.யாக இருந்தால், அது பரவிவிடும். சதை எடுத்துப் பரிசோதித்தும் சந்தேகம் தீராமல் முதலில் டி.பி. மருந்து கொடுத்துப் பார்க்கிற நிலைமை பெரிய நிபுணர்களுக்கே வருகிறது. அவர்களே தடுமாறும் இடத்தில் மெடிக்கல் ஷாப் கவுண்டரில் நின்று தீர்ப்பு சொல்கிறோம்.

"சரிப்பா, அப்போ உனக்கு ஒண்ணுமில்லைதானே?" என்று கேட்பீர்கள். அடுத்த கோபம் அதில்தான்.

முதல் வருடம் ஹாஸ்டலில் எங்கள் பிளாக் முழுக்க ஃபுட் பாய்சன். எல்லோருக்கும் நாலு நாளில் சரியானது. எனக்கு வயிறு பழைய மாதிரி திரும்பவே இல்லை. ரத்தப் பரிசோதனை, சி.ஆர்.பி, மலத்தில் கேல்ப்ரொடெக்டின், எல்லாம் நார்மல். டாக்டர் ரிப்போர்ட்டைத் தள்ளிவிட்டு "உனக்கு ஒண்ணுமில்ல, மனசுதான்" என்றார். மனசா? கனடாவில் வாக்கர்டன் என்ற சின்ன ஊரில் 2000 மே மாதம் குடிநீரில் கிருமி கலந்தது. சுமார் 2300 பேர் படுத்தார்கள், ஏழு பேர் இறந்தார்கள். சில வருடம் கழித்து அந்த ஊர்க்காரர்களை ஆராய்ந்தபோது, அன்று கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் ஐ.பி.எஸ். பாதிக்கப்படாதவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான். ஒரு ஊரே ஒரே வாரத்தில் டென்ஷன் பார்ட்டி ஆகிவிட்டதா?

டென்ஷனால் எனக்கு அதிகமாகும், உண்மைதான். வைவா அன்று காலை நான் மூன்று முறை போவேன். ஆனால் அதிகப்படுத்துவது வேறு, காரணம் வேறு. வெயிலில் தலைவலி கூடும் என்பதற்காகத் தலைவலிக்குப் பெயர் வெயில் ஆகிவிடுமா?

ஐ.பி.எஸ் குடலை அரிக்காது, புற்றுநோயாக மாறாது, ஐ.பி.டி.யாகவும் மாறாது. இந்த நல்ல செய்தியை எங்களிடம் தெளிவாகச் சொன்னாலே பாதி வயிறு அடங்கும். 'ஒண்ணுமில்லை' என்று சொல்லி அனுப்பினால் என்ன நடக்கிறது? நம்பாமல் அடுத்த டாக்டர், அடுத்த ஸ்கேன், வருடம் ஒரு ஸ்கோப்பி. இதற்கென்று அடையாளங்கள் இருக்கின்றன: 2016-ல் வந்த ரோம் நான்கு விதிகளின்படி, மூன்று மாதமாக வாரம் ஒரு நாளாவது வயிற்று வலி, அது மலம் கழிப்பதோடும் அதன் எண்ணிக்கை, தன்மை மாறுவதோடும் சேர்ந்து வருவது, ஆரம்பித்து ஆறு மாதமாவது ஆகியிருப்பது. மேலே சொன்ன அபாய அறிகுறிகள் இல்லாத என் வயதுக்காரனுக்கு இதையும் சில சாதாரண டெஸ்டுகளையும் வைத்தே பெயர் சொல்லிவிடலாம். சாப்பாட்டு மாற்றம் இருக்கிறது, வலி நரம்பை அடக்கும் மருந்தும் இருக்கிறது. வெங்காயத்தையும் பூண்டையும் குறைத்தே நான் பாதி தேறினேன். அதனால்தான் பந்தியில் இலையை மறித்தேன் மாமா, உங்கள் வீட்டு ரசத்தின் மேல் கோபமில்லை!

ஆனால் அக்கா அந்த டயட்டை மட்டும் நம்பி மாத்திரையை நிறுத்தினால் திரும்ப ரத்தம்தான். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் யாரோ ஒருவர் அடிபடுகிறார். ஜப்பான் பிரதமராக இருந்த ஷின்சோ அபேக்கு இருந்ததும் அக்காவின் நோய்தான். 2007-ல் ஒரு முறை, 2020-ல் ஒரு முறை, அதன் காரணமாகப் பதவியை விட்டு இறங்கினார். அவரிடம் போய் யாராவது ஓமத்திரவம் குடிங்க, ரொம்ப யோசிக்காதீங்க என்று சொல்லியிருப்பார்களா தெரியவில்லை.

அக்கா இப்போது மெசலமின் மாத்திரையில் ஓடுகிறாள். வேலைக்குப் போகிறாள். நோய் வந்து எட்டு வருடம் தாண்டினால் புற்றுநோய் வந்திருக்கிறதா என்று ஸ்கோப்பியில் அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் அவள் இருக்கிறாள், நான் இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பெரியம்மா போன் செய்தார். பொங்கலுக்கு எப்போ வர்றே என்று கேட்டார். பின்னால் அக்காவின் சிரிப்புச் சத்தம். "கொல்லையில துத்தி நல்லா வந்திருக்குடா, பறிச்சு வைக்கவா? உனக்குத்தான், அவளுக்கு இல்ல."