உறக்கமிழந்த சிப்பாயின் உபகாரச் சம்பளம்

யுத்தத்தில் காலிழந்து திரும்பும் சிப்பாயைக் கண்டால் சர்க்காரும் ஜனங்களும் தலைவணங்குகின்றனர். நள்ளிரவில் மூச்சடைத்துப் பதறி விழிக்கும் சிப்பாயைக் காண்பவள் அவனுடைய மனைவி ஒருத்திதான். ஆகவே அவன் உபகாரச் சம்பளத்துக்கு மனுச் செய்தால், ‘குறட்டைக்குமா பென்ஷன்?’ என்று நகைக்கிறார்கள். நகைப்பவர்களுக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறோம்.

தாம்பரம் விமானப்படைத் தளம் செங்கற்பட்டு ஜில்லாவில்தான் இருக்கிறது. சேவை முடித்தவர்கள் அங்கிருந்து மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரையில் குடியிருந்து வருகிறார்கள். பாங்கிகளிலும், பழைய மாமல்லபுரம் சாலைக் கம்பெனிகளிலும் இராக்காவல் பார்ப்போர் உண்டு. பஸ்ஸும் லாரியும் ஓட்டுவோரும் உண்டு. வண்டி ஓட்டுபவன் பகலில் தன்னையறியாமல் கண்ணயர்ந்தால் என்னவாகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

டாக்டர்கள் ‘ஸ்லீப் ஆப்னியா’ என்று வழங்கும் இவ்வியாதியில், நித்திரையின்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து சுவாச வழி அடைபடுகிறது. மூச்சு பத்து விநாடியேனும் நிற்கிறது. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை திடுக்கிட்டு எழுப்புகிறது. மணிக்கு 30 தடவையோ அதற்கு மேலோ இவ்வாறு நேர்ந்தால் வியாதி கடுமையானது என்பது வைத்தியக் கணக்கு. இரத்த அழுத்தத்துடனும் இருதய நோயுடனும் இதற்குள்ள தொடர்பு வெகுகாலமாகத் தெரிந்ததே. உடற்பருமன் இதற்கு ஒரு முக்கிய காரணம்.

இங்கேதான் வழக்கு முளைக்கிறது. உதாரணமாக, மலைப்பிரதேசத்தில் முழங்கால் உடைந்த ஒருவனை எடுத்துக்கொள்வோம். ஓட்டமும் தேகப்பயிற்சியும் நின்றன; உடல் பெருத்தது; சில வருஷங்களில் தொண்டை அடைக்கத் தொடங்கிற்று. முழங்கால் சேவையினால் கெட்டது என்று வைத்திய போர்டு ஒப்புக்கொள்கிறது. மூச்சடைப்பைப் பற்றி மட்டும் ‘உடற்பருமனால் வந்தது, சேவைக்குச் சம்பந்தமில்லை’ என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடிவிடுகிறது. உடல் ஏன் பெருத்தது என்று போர்டார் தம்மைத்தாமே கேட்டுக்கொள்வதில்லை.

இந்த ஒரு வரியில் அடங்கியிருப்பது அற்ப விஷயமன்று. ஊனம் நூற்றுக்கு 20 பங்கை எட்டினாலன்றி உபகாரச் சம்பளம் இல்லையென்பது விதி. முழங்காலுக்கு மட்டும் 15 என்று போட்டால் சிப்பாய் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டும். இரண்டாவது வியாதியையும் சேர்த்து 20-ஐத் தாண்டிவிட்டாலோ, சுப்ரீம் கோர்ட்டு 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் விஸ்தரித்த சலுகைப்படி அது 50 ஆகக் கணிக்கப்படும். அதாவது கடைசிச் சம்பளத்தில் நூற்றுக்கு 15 பங்கு, ஆயுள் பரியந்தம்.

சட்டம் யார் பக்கம்? 1982-ஆம் வருஷத்து விதிகள் சிப்பாயை ருசுக் கொடு என்று கேட்கவில்லை. நியாயமான சந்தேகத்தின் பலனை அவனுக்கே அளித்தன. தரம்வீர் சிங் என்ற சிப்பாய் ஒன்பது வருஷ சேவைக்குப்பின் 1994-இல் வலிப்பு நோயால் நீக்கப்பட்டார். அது சேவையால் வந்த நோயன்று என்று சர்க்கார் கைவிரித்தது. 2013 ஜூலை 2-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது: சேரும்போது குறிப்பிடப்படாத வியாதி சேவையில் தோன்றினால், சேவையே காரணம் என்று அனுமானிக்க வேண்டும், அன்று என்பவர்களே காரணம் காட்ட வேண்டும். இவ்வளவு தெளிவான தீர்ப்புக்குப் பின்னரும், ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் வென்ற கிழவர்களை மேல்கோர்ட்டுக்கு இழுக்கும் வழக்கம் நிற்கவில்லை. 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் அமலில் உள்ளன. அதற்கு முன் விலகியோருக்கு அவை பொருந்தா.

அமெரிக்காவில் இதற்கு நேரான விதியே இருக்கிறது. சேவையால் வந்த நோயின் விளைவாக மற்றொரு நோய் பிறந்தால், அதுவும் சேவையால் வந்ததே. இரவில் சுவாசக் கருவி மாட்டிக்கொள்ள வேண்டியவனுக்கு அந்நாடு நெடுங்காலம் நூற்றுக்கு 50 என்று வகுத்திருந்தது. இது மிகை என்று கருதி 2022-இல் திருத்த யோசனை வெளியிட்டது. அளவைப் பற்றி அவர்கள் விவாதிக்கட்டும். சங்கிலியின் கண்ணிகளை அவர்கள் மறுக்கவில்லை என்பதே நமக்கு வேண்டியது.

பொய் மனுக்கள் பெருகும் என்று அஞ்சுவோரும் உளர். அதிகாரிகளில் விகிதாசாரத்துக்கு மிகுதியானோர் ஊனச் சம்பளம் அடைவதை 2023-இல் கணக்குத் தணிக்கையாளரே சுட்டினார். இந்த ஆட்சேபத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் முதுகுவலியைப் போல் வாயால் சொல்லி நம்பவைக்கும் வியாதியன்று இது; ஓரிரவு ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தால் கருவி எண்ணிச் சொல்லிவிடும். சேவையில் காயமோ இரத்த அழுத்தமோ அடைந்த ஒவ்வொருவருக்கும், விலகுமுன் இச்சோதனையை இராணுவமே நடத்தட்டும். அப்பால் இரண்டாம் நோய்க்கும் முதல் நோய்க்கும் தொடர்பில்லையென்று போர்டு கருதினால், காரணத்தை விரித்தெழுதிக் கையொப்பமிடட்டும்.

சுவாசக் கருவி மின்சாரத்தால் இயங்குவது. 2022 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரை கடந்ததை நம் வாசகர்கள் மறந்திரார். புயற்காலத்தில் மின்சாரம் நின்றுபோகும் கடற்கரைக் கிராமத்தில், மேற்படி கருவியை நம்பி உறங்குபவன் விடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கருவியோடு மின்கலமும் கொடுக்கப்படுமா என்பதையும், வைத்திய போர்டுகள் காரணமெழுதக் கட்டளை பிறக்குமா என்பதையும், காஞ்சீபுரம் தொகுதியின் பார்லிமெண்டு அங்கத்தினர் அடுத்த கூட்டத்தொடரிலேயே பாதுகாப்பு மந்திரியிடம் கேட்க வேண்டுமென்று கோருகிறோம்.