ஆம்போலி தேரை: ‘வெறும் பாறை’ என்று நாம் கடந்துபோகும் இடம் யாருடைய வீடு?

தேஹு ரோடில் இருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் தெற்கே போய், கோலாப்பூரைத் தாண்டி மேற்கே திரும்பினால் ஆம்போலி மலை. மழைக்காலத்தில் அருவி பார்க்க நீங்களும் போயிருக்கலாம். அங்கே உங்கள் கார் நின்ற பாறைத் தரை, உலகில் மிகக் குறைந்த இடங்களில் மட்டுமே வாழும் ஒரு தேரையின் வீடாக இருக்க வாய்ப்பு உண்டு.

எந்தத் தேரை?

சாந்தோஃப்ரைன் டைக்ரினா. உடலின் பக்கங்களில் புலிக்கு இருப்பது போல மஞ்சள் பட்டைகள், பெயரும் அதனால்தான். எஸ்.டி. பிஜு, வரத் கிரி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2009-ல் இதைத் தனி இனமாக அறிவித்தார்கள். ஐ.யு.சி.என். இதை அழிவின் விளிம்பில் உள்ள இனமாக வகைப்படுத்தியது. இதன் ஒரே நெருங்கிய உறவு, சாத்தாரா மாவட்டத்தின் கொய்னா தேரை.

பாறையில் என்ன இருக்கு?

முதல் மழையில் செம்பாறைக் குழிகளில் விரலளவு ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கும். தேரை முட்டையிடுவது அதில்தான். மீன் இல்லாததால் தலைப்பிரட்டைகளுக்குப் பாதுகாப்பு. ஆனால் குழி காய்வதற்குள் அவை வளர்ந்தாக வேண்டும். அந்தச் சில வாரங்களில்தான் சுற்றுலாக் கூட்டமும் உச்சத்தில் இருக்கும். ஒரு டயர் ஏறினால் ஒரு குழியின் தலைமுறையே போய்விடும். இரவில் சாலையைக் கடக்கும் தேரைகளும் நசுங்குகின்றன.

சிக்கல் எங்கே?

மரம் இருந்தால் காடு என்கிறோம். மரமில்லாத பாறை மேடுகள் அரசு ஆவணங்களில் பெரும்பாலும் ‘தரிசு’. தரிசு என்றால் குவாரி, கட்டடம், பார்க்கிங் எதற்கும் கொடுக்கலாம் என்றாகிவிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் 39 இடங்களை யுனெஸ்கோ 2012-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. கொய்னா சரணாலயம் அதில் உண்டு, ஆம்போலி இல்லை.

எண்கள் சொல்வது

2023-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த உலகளாவிய மதிப்பீட்டின்படி, நீர்நில வாழ்விகளில் சுமார் 41% இனங்கள் அழியும் ஆபத்தில் உள்ளன. பாலூட்டிகளில் இது சுமார் 27%, பறவைகளில் 13%. புலிக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு துளிகூட தேரைக்குக் கிடைப்பதில்லை.

வழி இருக்கா?

இருக்கு, அதுவும் ஆம்போலியிலேயே. 2021-ல் ஹிரண்யகேசி என்ற சிறு மீனுக்காக அங்கே 2.11 ஹெக்டேரை பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக மகாராஷ்டிர அரசு அறிவித்தது. உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்து இப்படி அறிவிக்க 2002 பல்லுயிர்ச் சட்டம் மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. பாறை மேடுகளுக்கும் அதே சட்டம் பொருந்தும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது எளிது: மழைக்காலத்தில் வண்டியைத் தார்ச் சாலையை விட்டுப் பாறையில் ஏற்றாதீர்கள். இரவில் மெதுவாக ஓட்டுங்கள். தேங்கிய தண்ணீரில் கால் வைக்கும் முன் ஒருமுறை குனிந்து பாருங்கள்.