டேஷ்போர்டு வெளியிலயும் பார்க்கணும்

ஆஸ்பத்திரி ரிவ்யூ மீட்டிங்னா டேஷ்போர்டு ஓடும். ஓபி எவ்வளவு, எத்தனை பெட் காலி, எத்தனை சிசேரியன். எல்லாம் காம்பவுண்டுக்குள்ள நடந்து முடிஞ்ச கணக்கு. வெளியில இருந்து வர்ற ஆபத்தை யார் பார்க்கிறாங்க? அதுக்குத்தான் இந்த த்ரெட்.

2024 செப்டம்பர் கடைசி. ஹெலீன் புயலில் அமெரிக்காவின் வட கரோலினாவில் இருக்கும் பாக்ஸ்டர் கம்பெனி ஆலைக்குள் வெள்ளம் புகுந்தது. அந்த நாட்டின் ஐவி ஃப்ளூயிட்ல சுமார் 60 சதவீதம் அந்த ஒரே ஆலையில் தயாரானது. சில நாள்லயே பல ஆஸ்பத்திரிகள் அவசரமில்லாத ஆபரேஷன்களைத் தள்ளிவச்சாங்க. பெரும்பாலும் தண்ணியும் உப்பும் சர்க்கரையும்தாங்க அது!

இத்தனைக்கும் 2017-லயே மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவை அடிச்சப்போ, இதே கம்பெனியின் ஆலைகள் நின்னு சின்ன சலைன் பைகளுக்குத் தட்டுப்பாடு வந்திருக்கு.

எந்தச் சரக்கு எந்த ஊர் ஆலையில இருந்து வருது, மாற்று சப்ளையர் யார், கையிருப்பு எத்தனை நாளுக்கு வரும். இதோட வானிலை எச்சரிக்கையைச் சேர்த்துப் பார்க்கிறதுதான் பிசினஸ் இன்டெலிஜென்ஸ். பேருதான் பெருசு, எக்செல் ஷீட்லயே ஆரம்பிக்கலாம்.

ஆனா எச்சரிக்கை வந்ததும் எல்லாரும் வாங்கிப் பதுக்கினா தட்டுப்பாடு இன்னும் மோசமாகும். வாயால குடிக்க முடிஞ்சவங்களுக்கு ஓஆர்எஸ், டிரிப் யாருக்குக் கட்டாயம்னு முன்கூட்டியே முடிவு பண்ணிவைக்கிறதும் இதுல சேர்த்தி.

இன்னொண்ணு. தகவல் வந்தா மட்டும் போதாது. 2000 மார்ச்சில் அல்புகெர்க்கியில இருந்த பிலிப்ஸ் சிப் ஆலையில் மின்னல் விழுந்து தீ. சில நிமிஷத்துல அணைச்சுட்டாங்க. நோக்கியா, எரிக்சன் ரெண்டு பேருக்கும் அதே தகவல்தான் போச்சு. நோக்கியாவில் உடனே மேலிடம் வரைக்கும் போய், மாற்று சப்ளையரைப் பிடிச்சாங்க. எரிக்சனில் கீழ்மட்டத்துலயே தங்கிடுச்சு. நஷ்டம் சுமார் 40 கோடி டாலர்.

என் கருத்து: சாஃப்ட்வேர் வாங்குறதுக்கு முன்னாடி இந்த வழியைச் சரிபண்ணணும். "சார், இந்த மாசம் சப்ளை லேட்டாகும்போல இருக்கு"ன்னு ஸ்டோர் ஃபார்மசிஸ்ட் சொன்னா, அது அன்னைக்கே டீன் மேஜைக்குப் போகணும். அடுத்த ரிவ்யூ வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

நமக்கு வடகிழக்குப் பருவமழையும் டெங்குவும் ஒண்ணாத்தான் வரும். ரோடு மூழ்கி லாரி நிக்கிற அதே வாரத்துலதான் வார்டும் நிரம்பும். டெங்குவுக்குத் தனி மருந்து கிடையாது, ஃப்ளூயிட்தான் சிகிச்சை. அந்தக் கணக்கை செப்டம்பர்லயே பார்க்கணும்.