காலுக்கு ஆறு மணி நேரம்

காலின் பெரிய ரத்தக் குழாய் அறுந்தவனுக்கு அபாயங்கள் இரண்டு. ரத்தம் வடிந்து சில நிமிஷங்களில் பிராணன் போவது ஒன்று. பிராணன் தப்பியும் கால் போவது மற்றொன்று. ரத்தம் பெறாத தசை ஏறக்குறைய ஆறு மணி நேரமே தாங்கும். அதன் பின் கால் போவதற்கு வைத்தியம் தெரியாமை காரணமன்று. ஏற்பாடில்லாமையே காரணம் என்கிறோம்.

சரித்திரம் இதற்குச் சாட்சி. அறுந்த குழாயை ஊசியும் நூலும் கொண்டு இணைக்கும் முறையைப் பிரெஞ்சு வைத்தியர் அலெக்ஸிஸ் கரெல் 1902-ல் வெளியிட்டார். 1912-ல் நோபெல் பரிசும் பெற்றார். ஆயினும் இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு நேர்ந்த இத்தகைய 2,471 காயங்களை டிபேக்கி, சிமியோன் என்னும் இரு டாக்டர்கள் 1946-ல் ஆராய்ந்து எழுதியபோது கண்டது என்ன? பெரும்பாலோருக்குக் குழாயைக் கட்டிவிடுவதே சிகிச்சையாயிருந்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அவயவத்தை இழந்தனர். 1950-ல் மூண்ட கொரிய யுத்தத்திலோ இந்நஷ்டம் நூற்றுக்குச் சுமார் 13 ஆகக் குறைந்தது. ஆஸ்பத்திரி போர்முனைக்கு அருகே வந்தது. காயமுற்றவன் ஹெலிகாப்டரில் விரைந்து வந்தான். அங்கிருந்த டாக்டர் தைக்கக் கற்றிருந்தார்.

விபத்தில் அடிபட்டோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்கும் திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2021 டிசம்பரில் தொடங்கியது. மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் அறுந்த குழாய்க்கு 48 மணி நேரத் தவணை கிடையாது. ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பப்பட்டு, நிபுணர் இருக்கும் நகரத்தை அடைவதற்குள் அந்த ஆறு மணியும் கழிந்துவிட்டால், இலவசமாகக் கிடைப்பது காலை வெட்டும் சிகிச்சையே.

தாலுகாதோறும் நிபுணரை வைக்கப் பணம் ஏது என்று சிலர் ஆட்சேபிக்கலாம். நாம் நிபுணரைக் கேட்கவில்லை. அறுந்த இரு முனைகளுக்கும் நடுவே கிருமி நீக்கிய சிறு பிளாஸ்டிக் குழாயைச் செருகி நூலால் கட்டினால், பாதத்துக்கு உடனே ரத்தம் ஓடும். நோயாளியைப் பிறகு நகரத்துக்கு அனுப்பலாம். 2003-ல் தொடங்கிய இராக் யுத்தத்தில் முன்னணி வைத்தியர்கள் இவ்வாறே செய்தனர். இதற்கென்று செய்த குழாய் இல்லாத இடங்களில், சிசுக்களுக்கு உணவு செலுத்தும் குழாயின் துண்டே உதவியிருக்கிறது. நகரத்தில் தைக்கும்போதும், இடையிலே வைக்க நோயாளியின் மறு காலிலிருந்து எடுத்த சிரையே பெரும்பாலும் போதும். பிராணனா காலா என்ற நிலை வந்தால், குழாயைக் கட்டிப் பிராணனைக் காப்பதே தர்மம். அதை நாம் மறுக்கவில்லை.

ஆகவே இரண்டு காரியங்களைக் கோருகிறோம். சிறிய ஆஸ்பத்திரிகளிலுள்ள ரண சிகிச்சை டாக்டர்கள் அனைவருக்கும் இம்முறையைக் கற்பிக்க வேண்டும். அடிபட்ட நேரத்தையும், பாதத்தில் நாடி துடிக்கிறதா என்பதையும், நோயாளியுடன் அனுப்பும் சீட்டில் எழுத வேண்டும். நேரம் எழுதப்பட்டால் தாமதம் எங்கே நேர்ந்ததென்பது தெரிந்துவிடும். ஊர்தோறும் உள்ள பொதுஜன ஊழியர்கள் தத்தம் ஆஸ்பத்திரிக்குச் சென்று, இவை நடக்கின்றனவா என்று கேட்பார்களாக.