அண்டாவை அடுப்படியிலேயே வைங்க!

மலாய் பேசப் பழகுறவங்களுக்கு நம்ம ஆளுங்க ரெண்டு விதமா உபதேசம் பண்றாங்க. ரெண்டுமே தப்புங்கிறேன்.

முதல்ல புத்தகக் கோஷ்டி. 'சாயா தீடாக் மாஹு பெர்கி' (நான் போக விரும்பவில்லை) என்று மனப்பாடம் பண்ணச் சொல்லும். இலக்கணம் சுத்தம்தான். ஆனா கோலாலம்பூர் சாப்பாட்டுக்கடையில எவர் அப்படிப் பேசுறார்? 'சாயா தாக் நாக் பெர்கி', அவ்வளவுதான். 'தீடாக்' தேஞ்சு 'தாக்', 'ஹெண்டாக்' தேஞ்சு 'நாக்', 'சூடா' தேஞ்சு 'டா'. டீக்கடையில நாம 'தேநீர் அருந்த விரும்புகிறேன்'னா சொல்றோம்?

'நீங்கள்' என்பதற்கு 'அண்டா'வாம்! அது விளம்பரத்துக்கும் அறிவிப்புக்கும் உள்ள சொல். நேர்ல பேசும்போது பாக்சிக், மாக்சிக், அபாங், காக். உறவு வச்சுக் கூப்பிட நமக்குச் சொல்லித் தரணுமா?

அடுத்தது 'சந்தை மலாய் போதும்' கோஷ்டி. 'சாயா பூஞ்யா ரூமா'ன்னாலும் 'என் வீடு'ன்னு புரியுமேங்கும். புரியும்தான். ஆனா மலாய்க்காரர் வீட்டுல 'ரூமா சாயா'தான். பேச்சு மலாய் வேற, உடைஞ்ச மலாய் வேற. இந்த வித்தியாசம் ரெண்டு கோஷ்டிக்கும் புரியல.

விளைவு? எதிர்ல இருக்கிறவர் சட்டுனு ஆங்கிலத்துக்குத் தாவிடுறார். அப்புறம் எங்கே பழகுறது? ஊர்லேர்ந்து வேலைக்கு வந்த தம்பிங்க ஆங்கிலமும் வராம வாயையே திறக்க மாட்டேங்கிறாங்க.

நம்ம கடை, கப்பல், கட்டில் எல்லாம் அங்கே கெடாய், காப்பால், காத்தில். அந்த ஊர் வாய்க்கு வளைஞ்சுதான் அங்கே நிலைச்சுது. நாமளும் வளைவோம். எழுதப் பாடநூல் படிங்க. பேச, பக்கத்து வீட்டுப் பேச்சைக் கேளுங்க.

மாத்துக்கருத்து உள்ளவங்க வாங்க, சண்டை போடலாம் :-)