குருசுக்குப்பத்து மணல் போனது யாரால்? சட்டம் பாயுறது யார் மேல்?



குருசுக்குப்பத்தில் கடல் அரிக்குது என்றால் அது மீனவர் பிரச்சனைதானே, விவசாய சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கிறார்கள். கேட்கட்டும். கட்டுமானத்தால் மண் போகும்போது சட்டம் யாரைப் பிடிக்குது, யாரை விடுது என்று தெரிய வேண்டுமானால், குருசுக்குப்பத்தைப் பார்த்தாலே போதும்.

புதுச்சேரி கடற்கரைச் சாலை முடியுற இடத்துக்கு வடக்கே இருக்குற குப்பம் இது. படகை இழுத்துப் போட, வலை காயவைக்க, கருவாடு உலர்த்த ஒரு காலத்தில் மணல் இருந்தது. பிறகு கருங்கல்லைக் கொட்டினார்கள். மணல் எங்கே போச்சு? நம்ம கரையில் பங்குனி தொடங்கி ஐப்பசி வரைக்கும் அலை மணலைத் தெற்கேயிருந்து வடக்கே தள்ளிக்கிட்டே போகும். வடகிழக்குப் பருவக்காற்று காலத்தில் மட்டும் கொஞ்சம் தெற்கே திரும்பும். கணக்குப் பார்த்தால் வருஷத்துக்கு லட்சக்கணக்கான கனமீட்டர் மணல் வடக்கே நடக்குது. 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக இரண்டு கல்சுவரைக் கடலுக்குள் நீட்டினார்கள். தெற்கே வீராம்பட்டினத்தில் மணல் சேர்ந்தது. வடக்கே கரை கரைந்தது. தலைமடையில் ஒருத்தன் வாய்க்காலை மறித்தால் கடைமடை காயும் என்று நமக்கா சொல்லித் தரணும்?

தெற்கே சேருற மணலை எடுத்து வடக்கே தள்ளணும் என்று துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது. அதைத்தான் ஒழுங்காகச் செய்யவில்லை. சுவரைக் கட்டினார்கள், நிபந்தனையை மறந்தார்கள். நகரத்தைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். கல் கொட்டின இடத்துக்கு வடக்கே அரிப்பு நகர்ந்தது. வைத்திக்குப்பம், சோலை நகர் தாண்டினால் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. சோதனைக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று வரிசையாக அடி. அதற்கும் வடக்கே பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு, மறுபடியும் புதுச்சேரி! அலைக்கு எல்லைக்கல் தெரியாது. ஆனால் கடலோர மேலாண்மை ஆணையம் புதுச்சேரிக்கு ஒன்று, தமிழ்நாட்டுக்கு ஒன்று. இங்கே கேட்டால் அங்கே போ என்கிறான், அங்கே போனால் இங்கே கை காட்டுறான். 2018-இல் தலைமைச் செயலகம் எதிரே தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் இரும்புப் பாறைத்திட்டு ஒன்றை இறக்கியதும் நகரத்துக்காரர் நடந்து போக மணல் வந்தது. வந்தது நல்லதுதான். வடக்கே இருக்குற குப்பங்களுக்கு மட்டும் கல்லே கதி. அந்தக் கல்லை உடைக்குற குவாரி லாரித் தூசி யார் பயிர் மேல் படியுது என்பது வானூர் பக்கத்து விவசாயிக்குத் தெரியும்.

இப்போ சட்டத்துக்கு வருவோம். 1991 கடலோர ஒழுங்காற்று அறிவிக்கை கிராமப்புறத்தில் உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது என்றது. 2019-இல் ஜன நெருக்கமான கிராமங்களுக்கு அதை 50 மீட்டராக்கினார்கள். துறைமுகம் மாதிரி வேலைகளுக்குத் தனி வழி எப்போதும் உண்டு. சூட்சுமம் எங்கே என்றால், கடல் உள்ளே வந்தால் அடுத்த முறை வரைபடம் போடும்போது அந்தக் கோடும் உள்ளே வரும். சுவர் கட்டினது அரசாங்கம். தடை வந்து நிற்குறது நம்ம தென்னந்தோப்பில், நம்ம வீட்டு வாசலில். கரை மணல் போனால் கிணறும் போகும். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு உப்புத் தண்ணீரை அது அமுக்கி வைக்கும். அந்த ஒரு அடி இறங்கினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

உள்நாட்டில் மட்டும் என்ன வாழுது? ஏரி வண்டலை நம்ம கழனிக்கு அடிக்கணும் என்றால் நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சைக்கு 90 கனமீட்டர் என்று தமிழ்நாட்டில் அளவு உண்டு, அனுமதிச் சீட்டு உண்டு. 2024-இல்தான் தாசில்தாரே அனுமதி தரலாம் என்று கொஞ்சம் தளர்த்தினார்கள். சரி, அளவு இருக்கட்டும், ஏரியைக் காப்பாற்றத்தான் அது. ஆனால் கட்டடக்காரனுக்கு? 2006 அறிவிக்கைப்படி 20,000 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கேட்பதில்லை. மனைப்பிரிவு என்றால் 50 ஹெக்டேர், அதாவது 123 ஏக்கர், அது வரைக்கும் கேள்வியில்லை. மேல்மண்ணைச் சேமித்து வை, மழைத் தண்ணீரோடு மண் போகாமல் தடு என்ற நிபந்தனையெல்லாம் அந்த அனுமதிக் கடிதத்தில்தான் வருது. அனுமதியே வேண்டாதவன் வரப்பை இடித்து, வாய்க்காலைத் தூர்த்து, செம்மண்ணைக் குவித்து வைத்தால் ஐப்பசி மழையில் அது நம்ம ஏரிக்குள் வந்து படியுது. அமெரிக்காவில் ஒரு ஏக்கர் நிலத்தைக் கிளறினாலே மண் அரிப்புத் தடுப்புத் திட்டம் காட்டி அனுமதி வாங்கணும். நம்ம ஊரில் 100 ஏக்கர் கிளறினாலும் கேட்க ஆள் இல்லை.

முடியாத காரியமும் இல்லை இது. ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்று முகத்தில் 1960-களில் சுவரை நீட்டியதால் பக்கத்து மாநிலமான குயின்ஸ்லாந்து கடற்கரை கரைந்தது. இரண்டு மாநிலமும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டு, சட்டமாக்கி, 2001-லிருந்து குழாய் வழியாக மணலை வடக்கே தள்ளுகிறார்கள். செலவை இரண்டு பேரும் பங்கு போட்டுக் கட்டுகிறார்கள். புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவே மட்டும் அது ஏன் நடக்காது?

ஆகவே நம்ம கோரிக்கை இதுதான்: துறைமுக மணலை வருஷா வருஷம் வடக்கே தள்ளுறதை இரண்டு அரசும் கையெழுத்துப் போட்டுச் சட்டக் கடமையாக்கு! கட்டுமானத்தால் கரை நகர்ந்த இடத்தில் பழைய கோட்டையே கணக்கில் எடு! ஒரு ஏக்கர் மனை போட்டாலும் வரப்பு, வாய்க்கால், மேல்மண்ணுக்கு நிபந்தனை போடு!

உங்க கிராமத்தில் எந்த சர்வே நம்பரில் வாய்க்கால் தூர்ந்தது, எந்தக் கிணறு எந்த வருஷம் உப்பாச்சு என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கிட்டு வாங்க. வருகிற கிராம சபையில் அதையே தீர்மானமாகப் போடுவோம். எல்லைக்கு அந்தப்பக்கம் இருக்குற குப்பத்து ஜனங்களையும் கையெழுத்துப் போட அழைப்போம்.