லாரிக் அமிலம் - ஒரு தென்னந்தோப்புக்காரனின் புலம்பல்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப்போட்ட பதிவு இது. வாட்ஸப்ல 'லாரிக் அமிலம்'ங்கற வார்த்தை சக்கைப்போடு போடுது. தேங்காயெண்ணெய்ல அது இருக்காம், அதனால தினமும் வெறும் வயித்துல ரெண்டு ஸ்பூன் குடிச்சா உடம்பு இளைக்குமாம், இதயம் இரும்பாகுமாம். நான் பொள்ளாச்சிப் பக்கம், தோப்பு வெச்சிருக்கற குடும்பம். தேங்காய் வெலை ஏறினா சந்தோஷப்படற ஆளுதான். ஆனா இந்தக் கதைக்கு மட்டும் என்னால தலையாட்ட முடியலை.

லாரிக் அமிலம்ங்கறது 12 கார்பன் கொண்ட ஒரு கொழுப்பு அமிலம். லாரல்ங்கற மரத்துல இருந்து வந்த பேரு. நம்ம பிரியாணில போடற பிரிஞ்சி இலை அந்த மரத்துக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். தேங்காயெண்ணெய்ல கிட்டத்தட்ட பாதி இதுதான். தனியா பிரிச்சா வெள்ளையா மெழுகு மாதிரி இருக்கும், 44 டிகிரில உருகும்.

இதோட உண்மையான பெருமை எங்கே இருக்குன்னு கேட்டா நான் குளியலறையைத்தான் காட்டுவேன். கொழுப்பு அமிலத்தோட வால் நீளமா இருந்தா (18 கார்பன் ஸ்டியரிக் மாதிரி) சோப்பு கெட்டியா வரும், ஆனா தண்ணில லேசுல கரையாது, நுரையும் வராது. வால் ரொம்பக் குட்டையா இருந்தா அழுக்கைப் பிடிக்காது, தோலை வேற எரிக்கும். 12 அதுக்கு நடுவுல அழகா உட்கார்ந்திருக்கு. உப்புத்தண்ணில கூட நுரைக்கறதால கப்பல்காரங்க கடல்தண்ணில குளிக்கறதுக்கு தேங்காயெண்ணெய் சோப்பைத்தான் வெச்சிருந்தாங்க. இன்னைக்கும் பல குளியல் சோப்புல பாமாயிலோ மாட்டுக்கொழுப்போ 80 பங்குன்னா, மீதி 20 பங்கு தேங்காயெண்ணெய் இல்லேன்னா பாம் கெர்னல் எண்ணெய். அந்த 20 பங்குதான் நுரைக்குக் காரணம்.

அடுத்தது ஷாம்பூ. லாரிக்கை ஹைட்ரஜன் சேர்த்து லாரில் ஆல்கஹாலா மாத்தி, சல்பேட் ஏத்தினா சோடியம் லாரில் சல்பேட். பேஸ்ட்லயும் இதுதான். பல் விளக்கின கையோட ஆரஞ்சு ஜூஸ் குடிச்சா கசக்குதே, அது இவரோட கைங்கர்யம், நாக்குல இனிப்பை உணர்ற இடத்தை கொஞ்ச நேரம் அமுக்கி வெச்சுடறார். 'இது கெமிக்கல், கேன்சர் வரும்'னு மெயில் ஃபார்வர்டு காலத்துலயே ஒரு புரளி ஓடிச்சு. ஆதாரம் கிடையாது. சில பேருக்கு தோல் எரியும், அது நிஜம். வேடிக்கை என்னன்னா, இதைக் கெமிக்கல்னு திட்டற அதே ஆளு தேங்காயெண்ணெயை அமிர்தம்ங்கறார். ரெண்டும் ஒரே கொட்டாங்குச்சில இருந்து வந்ததா இருக்கலாம் சாமி! இன்னொண்ணு கேளுங்க. 1942ல ஹார்வர்டுல செஞ்ச நேபாம் குண்டுல பெட்ரோலைக் கூழாக்கினதுல ஒரு பங்கு தேங்காயெண்ணெய்ல இருந்து வந்த லாரிக் அமிலத்தோட அலுமினிய உப்புக்குத்தான். இயற்கைல இருந்து வந்தா எல்லாம் நல்லதுன்னு சொல்றவங்க கொஞ்சம் யோசிக்கணும்.

பிவிசி தயாரிப்புல லாராயில் பெராக்சைடு, பாலியூரிதேன் நுரைக்கு ஒரு லாரேட் வினையூக்கின்னு பட்டியல் நீளும். அதை விடுங்க.

இப்ப அந்த ரெண்டு ஸ்பூனுக்கு வரேன். 'நடுத்தரச் சங்கிலி கொழுப்பு நேரா கல்லீரலுக்குப் போய் எரிஞ்சுடும்'ங்கறது 8, 10 கார்பன் அமிலங்களுக்கு நல்லாப் பொருந்தும். எம்சிடி எண்ணெய் ஆராய்ச்சி பெரும்பாலும் அதை வெச்சு நடந்ததுதான். தேங்காயெண்ணெய்ல அது ரெண்டும் சேர்ந்தே சுமார் 15 சதவீதத்துக்குள்ளதான். லாரிக் பேருக்குத்தான் நடுத்தரம். உடம்புல பெரும்பகுதி நீளச் சங்கிலிக்காரங்க போற நிணநீர் வழியிலயே போகுது. வேற ஒருத்தரோட மார்க்‌ஷீட்டைக் காட்டி வேலை கேக்கற கதை! மத்த தாவர எண்ணெய்களோட ஒப்பிட்டா எல்டிஎல் ஏறுதுன்னு ஆய்வுகள் சொல்லுது. அமெரிக்க இதய சங்கம் 2017லயே தேங்காயெண்ணெய் வேண்டாம்னு சொல்லிடுச்சு.

எங்க சித்தப்பாவுக்கு ஸ்டென்ட் வெச்சு மூணு வருஷம் ஆகுது. டாக்டர் குடுத்த கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திட்டு எண்ணெய் குடிக்க ஆரம்பிச்சுட்டார். "நம்ம தோப்பு எண்ணெய்டா, என்னை என்ன பண்ணிடும்?"ங்கறார். எனக்கு வாட்ஸப் மேல கோவம் வர்றது இதனாலதான்.

தென்னை விவசாயிக்கு நல்லது பண்ணணும்னா பொய் வைத்தியம் எதுக்கு? இவ்வளவு லாரிக் மொத்தமா கிடைக்கறது முக்கியமா ரெண்டு எண்ணெய்லதான், ஒண்ணு தேங்காய், இன்னொண்ணு பாம் கெர்னல். பிலிப்பைன்ஸ்ல தேங்காயெண்ணெய்ல பயோடீசல் செஞ்சு, 2007ல 1 சதவீதம், 2009ல 2 சதவீதம்னு டீசல்ல கலந்தே ஆகணும்னு சட்டம் போட்டாங்க. காங்கேயத்துல அவ்வளவு எண்ணெய் ஆலை இருக்கு. அதுக்குப் பக்கத்துலயே லாரில் ஆல்கஹால் செய்யற ஆலை ஏன் வரக்கூடாதுன்னு யாராச்சும் ஃபார்வர்டு அனுப்பினா நானே நூறு பேருக்கு அனுப்பறேன்.

டிஸ்கி: அவியல் இறக்கினதும் மேல ஊத்தற பச்சைத் தேங்காயெண்ணெய்க்கு இந்தப் பதிவு எதிரி இல்லை. எதிர்த்தா எங்க வீட்டுல சோறு கிடைக்காது :-)